புதுப்பிப்பு: மொரீஷியஸ் மொலாசஸில் சர்ஃபாக்டின்

சர்ஃபாக்டின் என்பது பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும், சோப்பு போலப் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள். அதற்காக இந்தப் பாக்டீரியாவைக் குளுக்கோஸுக்குப் பதில் நம் கரும்பாலை மொலாசஸில் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகில்) வளர்ப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். நுரை பொங்கி வழிவதைப் பலர் கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து எண்ணெய் நுரையடக்கி விடாதீர்கள். அதுவே பரப்பு இழுவிசையை மாற்றி அளவீட்டைக் கெடுக்கும். மேலும், சர்ஃபாக்டின் செறிந்திருப்பதே நுரையில்தான். கூம்புக் குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்: காற்றோட்டம் குறையும், நனைந்த பஞ்சடைப்பு வழியே வேற்றுக் கிருமி நுழையும். பெரிய கலனென்றால் நுரையைக் குழாய் வழியே வெளியே எடுத்துச் சேகரியுங்கள்.

மொலாசஸ் 4%, வண்டல் நீக்கியது. பிஎச் 7, 30 டிகிரி. பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் தரும் அம்மோனியம் சல்பேட்டைத் தனியே கிருமிநீக்கிச் சேருங்கள், சேர்த்துக் காய்ச்சினால் சர்க்கரையோடு வினைபுரிந்து கறுக்கும்.

செல்களை நீக்கி பிஎச் 2க்கு இறக்கினால் சர்ஃபாக்டின் வீழ்படிவாக வரும். பழுப்பாக இருந்தால் மொலாசஸ் நிறமும் கூடப் படிந்திருக்கிறது, எடையை நம்பாதீர்கள். பரப்பு இழுவிசையையும் அளந்து பாருங்கள்: தண்ணீரின் 72 மில்லிநியூட்டன்/மீட்டரைச் சர்ஃபாக்டின் 27 வரை இறக்கும். பாக்டீரியா இடாத மொலாசஸ் கரைசலையும் பக்கத்திலேயே அளந்து ஒப்பிடுங்கள்.