மூடுலில் அசைன்மென்ட் ஏற்றியும் ‘டிராஃப்ட்’ என்றே நிற்கிறது, பட்டனையும் காணோம். என்ன செய்வது?

வைகைக்கரை:
வணக்கம். என் தங்கை தொலைநிலைக் கல்வியில் எம்.காம். படிக்கிறாள். அவளுக்காகக் கேட்கிறேன். அவர்கள் பல்கலைக்கழகத்தில் அசைன்மென்ட் எல்லாவற்றையும் மூடுல் தளத்தில்தான் வைக்க வேண்டும். ஞாயிறு இரவு 11.59 வரை நேரம். அவள் 9.40 வாக்கில் பிடிஎஃப்-ஐ ஏற்றி ‘சேவ் சேஞ்சஸ்’ கொடுத்தாள். கோப்பின் பெயர் பக்கத்தில் வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று படுத்துவிட்டாள்.

காலையில் திறந்து பார்த்தால் ‘சப்மிஷன் ஸ்டேட்டஸ்’ வரிசையில் ‘டிராஃப்ட், நாட் சப்மிட்டட்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே, நேரம் கடந்து எட்டு மணி நேரம் ஆகிவிட்டதாகச் சிவப்பில் காட்டுகிறது. கூடப் படிக்கும் தோழிக்குப் பச்சையில் ‘சப்மிட்டட் ஃபார் கிரேடிங்’ என்று வந்திருக்கிறதாம்.

இதற்கு 20 மதிப்பெண். பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி கண்விழித்து எழுதியது. கோப்பு ஆசிரியர் கைக்குப் போயிருக்கிறதா, இல்லையா? இனி ஏதாவது செய்ய முடியுமா? பாட ஆசிரியருக்கு மெயில் போட்டிருக்கிறாள், பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல்:
பிரவுசரில் கேச், குக்கி எல்லாம் அழித்துவிட்டு மறுபடி லாகின் செய்து பாருங்கள். எனக்குப் பழைய பக்கமே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தபோது அப்படித்தான் சரியானது. வேறு போனில் இருந்தும் ஒருமுறை பார்க்கலாம்.

பொதிகை:
கேச் அழிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் இது அந்தப் பிரச்சினை இல்லை. டிராஃப்ட் என்பது சர்வரில் பதிவாகியிருக்கும் நிலை. எந்தப் போனில் பார்த்தாலும் அப்படியேதான் தெரியும்.

வைகைக்கரை, முதலில் தங்கையிடம் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். ‘லாஸ்ட் மாடிஃபைடு’ என்று ஒரு வரிசை இருக்கும், அதில் உள்ள தேதியும் நேரமும் படத்தில் தெளிவாக விழ வேண்டும். கோப்பின் பெயரை ஒட்டியும் ஒரு நேரம் இருக்கும், அதுவும் விழ வேண்டும். பதற்றத்தில் கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால் ஞாயிறு இரவு கணக்கு போய்விடும்.

அப்புறம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஏற்றியது பிரவுசரிலா, மூடுல் ஆப்பிலா? ‘லாஸ்ட் மாடிஃபைடு’ நேரம் என்ன? பக்கத்தின் மேலேயோ அடியிலோ ‘எடிட் சப்மிஷன்’, ‘சப்மிட் அசைன்மென்ட்’ என்று ஏதாவது பட்டன் இருக்கிறதா?

வைகைக்கரை:
போனில்தான், குரோம் வழியாக. லாஸ்ட் மாடிஃபைடு ஞாயிறு இரவு 9.42. கோப்புக்குப் பக்கத்திலும் 9.42தான். பட்டன் எதுவுமே இல்லை. நேற்று இரவு ‘எடிட் சப்மிஷன்’ இருந்ததாகச் சொல்கிறாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டோம். தங்கை எதையும் தொடவில்லை.

சர்வர் அறை:
நான் ஒரு கல்லூரியில் மூடுல் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு செமஸ்டரிலும் இதே கேள்வியோடு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோப்பு சர்வரில் பத்திரமாக இருக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆசிரியர் தன் மதிப்பீட்டுப் பட்டியலைத் திறந்தால் உங்கள் தங்கையின் பெயருக்கு நேரே ‘டிராஃப்ட்’ என்ற நிலையும் அந்தக் கோப்பும் தெரியும். அவர் அதைத் திறந்து படிக்கலாம், விரும்பினால் மதிப்பெண்ணும் போடலாம். மென்பொருள் தடுக்காது. ஆனால் சப்மிட் ஆனதை மட்டும் காட்டும்படி பட்டியலை வடிகட்டியிருந்தால் இவர் பெயர் அவர் கண்ணிலேயே படாது. ஆபத்து அங்கேதான்.

ஏன் இப்படி ஆகிறது? மூடுலில் ஒரு கோப்பு மூன்று படி தாண்ட வேண்டியிருக்கும். கோப்பைப் பெட்டிக்குள் இழுத்துப் போடுவது முதல் படி. ‘சேவ் சேஞ்சஸ்’ கொடுக்காமல் அந்தக் கட்டத்திலேயே பக்கத்தை மூடினால் கோப்பு தற்காலிக இடத்தில் தங்கி, சில நாளில் தானாக அழிந்துவிடும். ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. சேவ் கொடுப்பது இரண்டாம் படி. உங்கள் தங்கை இதைத் தாண்டிவிட்டார். மூன்றாவதுதான் ‘சப்மிட் அசைன்மென்ட்’ பட்டன்.

இந்த மூன்றாம் படி எல்லா இடத்திலும் கிடையாது. அசைன்மென்ட் செட்டிங்கில் மாணவர் சப்மிட் பட்டனை அழுத்தியாக வேண்டுமா என்று ஒரு கேள்வி உண்டு. மூடுலில் இயல்பாக அது ‘நோ’ என்றுதான் இருக்கும், அப்போது சேவ் கொடுத்தாலே சமர்ப்பித்த கணக்கு. யாராவது அதை ‘யெஸ்’ என்று மாற்றினால் மூன்றாம் படி முளைக்கிறது. ஒரே மாணவருக்கு ஒரு பாடத்தில் சேவ் போதும், அடுத்த பாடத்தில் போதாது. எனக்கு இதில் கடுமையான வருத்தம் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரி வைத்துவிட்டால் பாதிப் பிள்ளைகளின் தவிப்பு நீங்கிவிடும்.

வேறு கல்லூரியில் படிக்கும் நண்பர்கள் சொல்லும் வழி உங்களுக்கு ஒத்துவராததற்கும் காரணம் இதுதான். மூடுலை 2002-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் இருந்து மார்ட்டின் டூகியமாஸ் வெளியிட்டார். திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. எந்தக் கல்லூரியும் தன் சர்வரில் நிறுவித் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். நிறமும் மெனுவும் விதிமுறையும் இடத்துக்கு இடம் மாறும்.

பட்டன் மறைந்ததற்கு வருவோம். அசைன்மென்டுக்கு இரண்டு தேதி வைக்கலாம். ‘டியூ டேட்’ கடந்தால் தாமதம் என்று குறிக்கும், ஆனால் வாங்கிக்கொள்ளும். ‘கட்-ஆஃப் டேட்’ கடந்தால் கதவு அடைத்துவிடும். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே நேரமாக வைத்திருப்பார்கள் போலிருக்கிறது, அதனால்தான் எல்லாப் பட்டனும் போய்விட்டன. இனி மாணவர் பக்கத்தில் இருந்து செய்ய எதுவும் இல்லை. ஆனால் ஆசிரியரால் முடியும். பட்டியலில் அந்த மாணவரின் வரிசையில் ‘கிரான்ட் எக்ஸ்டென்ஷன்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அவருக்கு மட்டும் புதிய தேதி கொடுத்தால் கட்-ஆஃப் கடந்திருந்தாலும் பட்டன் திரும்ப வரும். அரை நிமிட வேலை.

ஆதாரம் கேட்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்க வேண்டியதில்லை. பாடத்தின் ‘ரிப்போர்ட்ஸ்’ பகுதியில் ‘லாக்ஸ்’ என்று இருக்கிறது. மாணவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் எந்த நிமிடத்தில் கோப்பு ஏறியது, எந்த ஐபி முகவரியில் இருந்து வந்தது என்பது வரைக்கும் வரிசையாக வரும். அதை மாணவரால் திருத்த முடியாது. அதனால் ஆசிரியர் தயங்காமல் நம்பலாம்.

கரும்பலகை:
நான் கல்லூரி ஆசிரியை. மேலே சொன்னது அத்தனையும் சரி. அந்த செட்டிங்கை ‘யெஸ்’ என்று வைப்பதற்கு ஆசிரியர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது இல்லாவிட்டால் கடைசி நேரம் வரை மாணவர் கோப்பை மாற்றிக்கொண்டே இருக்கலாம். நான் ஒன்றைப் படித்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும்போதே அங்கே வேறு கோப்பு வந்து உட்கார்ந்திருக்கும். பட்டன் வைத்தால், அழுத்திய பிறகு மாற்ற முடியாது. தவறான கோப்பைச் சமர்ப்பித்துவிட்டாலும் பயம் இல்லை, மறுபடி டிராஃப்டாகத் திருப்பிவிட ஆசிரியரால் முடியும். கேட்டால் செய்துவிடுவோம்.

இப்போது மெயில் விஷயம். வைகைக்கரை, உங்கள் தங்கை என்ன எழுதினார் என்று தெரியாது. ‘மேடம், அசைன்மென்ட் சப்மிட் ஆகவில்லை, உதவுங்கள்’ என்று மட்டும் ஒரு மெயில் வந்தால் எனக்கு எந்தப் பாடம், எந்த அசைன்மென்ட், யார் என்று தேடுவதற்கே நேரம் போய்விடும். இரண்டு மூன்று பிரிவுகளுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு அது இன்னும் சிரமம். அதனால் இப்படி ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள்:

‘மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். என் பதிவெண் இது. மேலாண்மைக் கணக்கியல் பாடத்தின் இரண்டாவது அசைன்மென்டை ஞாயிறு இரவு 9.42-க்கு மூடுலில் ஏற்றிச் சேமித்தேன். நிலை டிராஃப்ட் என்று உள்ளது. சப்மிட் பட்டன் இப்போது தெரியவில்லை. ஏற்றிய நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துள்ளேன். கோப்பு தங்கள் மதிப்பீட்டுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே இருக்கும், பாடத்தின் லாக்ஸிலும் நேரத்தைச் சரிபார்க்கலாம். எனக்கு ஒரு நாள் எக்ஸ்டென்ஷன் கொடுத்தால் அதே கோப்பைச் சமர்ப்பித்துவிடுவேன்.’

இவ்வளவு போதும். பாடத்தின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். தலைப்பு வரியிலேயே பதிவெண்ணும் பாடமும் வரட்டும். ‘அதே கோப்பை’ என்ற சொல் முக்கியம். புதிதாக எழுத நேரம் கேட்கவில்லை என்று ஆசிரியருக்கு உடனே புரியும். கோப்பை மெயிலிலும் இணைத்துவிடலாம். மறுநாள் மாலைக்குள் பதில் இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளருக்கு அதே மெயிலை அனுப்பலாம், அதில் தவறொன்றும் இல்லை.

வைகைக்கரை:
மேடம், சர்வர் அறை சார், பொதிகை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதிக்கொடுத்தபடியே அனுப்பினாள். இன்று மதியம் பதில் வந்துவிட்டது, நாளை இரவு வரை எக்ஸ்டென்ஷன் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தைத் திறந்தால் ‘எடிட் சப்மிஷன்’, ‘சப்மிட் அசைன்மென்ட்’ இரண்டும் வந்திருக்கின்றன.

இன்னும் அழுத்தவில்லை. அழுத்தினால் லாஸ்ட் மாடிஃபைடு நேரம் மாறிவிடுமா?

சர்வர் அறை:
மாறும், இன்றைய நேரம் வரும். கவலை இல்லை. கோப்புக்குப் பக்கத்தில் உள்ள நேரம் அப்படியே இருக்கும், லாகும் இருக்கிறது. எடிட் பக்கம் போக வேண்டாம், நேரே ‘சப்மிட் அசைன்மென்ட்’. அழுத்தியதும் இன்னொரு பக்கம் வரும். இனி மாற்ற முடியாது, உறுதியா என்று கேட்கும். சில இடங்களில் ‘இது என் சொந்த உழைப்பு’ என்ற வாசகத்துக்கு எதிரே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் டிக் வைக்க வேண்டும். போனில் அந்தக் கட்டம் கண்ணில் படாமல் போக வாய்ப்பு உண்டு. பிறகு ‘கன்டினியூ’. பச்சை வந்த பிறகே பக்கத்தை மூட வேண்டும்.

வைகைக்கரை:
பச்சை வந்துவிட்டது! மெயிலிலும் ரசீது மாதிரி ஒன்று வந்திருக்கிறது. நீங்கள் சொன்னபடி கட்டம் இருந்தது, டிக் வைத்தாள்.

மின்மினி:
இதிலேயே என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். நான் மூடுல் ஆப்பில் ஏற்றினேன். எங்கள் ஊரில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஆப்பில் கோப்பு தெரிகிறது, லேப்டாப்பில் பார்த்தால் எதுவுமே இல்லை. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கட்டுமா?

பொதிகை:
வேண்டவே வேண்டாம்! நெட் இல்லாத நேரத்தில் ஏற்றியதை ஆப் போனுக்குள்ளேயே வைத்திருக்கும். ஆப்பை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அந்த அசைன்மென்டைத் திறந்தால் இன்னும் ஒத்திசைக்கப்படாத ஆஃப்லைன் தரவு இருக்கிறது என்று ஒரு குறிப்பு காட்டும். நல்ல சிக்னலோ வைஃபையோ உள்ள இடத்துக்குப் போய், அதே அசைன்மென்டைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு ‘சிங்க்ரனைஸ் நவ்’ கொடுங்கள். குறிப்பு மறைந்ததும் லேப்டாப்பில் பாருங்கள். அங்கே டிராஃப்ட் என்று இருந்தால் சப்மிட் பட்டன் இன்னும் பாக்கி.

மின்மினி:
வந்துவிட்டது அண்ணா, ரொம்ப நன்றி. நூலக வைஃபையில் செய்தேன். வரும் வாரம் குவிஸ் இருக்கிறது, 30 நிமிடம். நடுவில் கரண்டோ நெட்டோ போனால் எழுதியதெல்லாம் போய்விடுமா?

கரும்பலகை:
பெரும்பாலும் போகாதம்மா. பிரவுசரில் எழுதும்போது பதில்களை மூடுல் தானாகவே சேமிக்கும், இயல்பாக நிமிடத்துக்கு ஒருமுறை. கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு எழுதியதுதான் போகும். ‘நெக்ஸ்ட் பேஜ்’ அழுத்தும்போதும் சேமிக்கும், அதனால் நீண்ட பதிலை எழுதி முடித்ததும் அடுத்த பக்கத்துக்கு ஒருமுறை போய் வந்துவிடு. நெட் போய்விட்டால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டோ, வேறு கருவியில் லாகின் செய்தோ அதே குவிஸைத் திற. விட்ட இடத்தில் இருந்து தொடர ஒரு பட்டன் இருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். கடிகாரம் சர்வரில் ஓடுகிறது, உன் கரண்ட் போனாலும் அது நிற்காது. நேரம் முடிந்ததும் எழுதியவரை தானாகச் சமர்ப்பிப்பதுதான் இயல்பான அமைப்பு. ஆனால் நேரத்துக்குள் மாணவர் கையால் சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் சேராது என்றும் ஆசிரியர் மாற்றி வைக்கலாம். உங்கள் ஆசிரியர் எதை வைத்திருக்கிறார் என்று குவிஸுக்கு முன்பே வகுப்பில் கேட்டுவிடு. எல்லோர் முன்னாலும் கேள், மற்றவர்களுக்கும் தெரியட்டும்.