ஆயர் இல்ல ஆபீஸ் வேலை: உள்ளே உண்மையில் என்ன நடக்கும்?

ஒரத்தநாட்டுப் பெண்:

வணக்கம். பி.காம். முடித்து நான்கு வருடம் ஒரு ஆடிட்டரிடம் இருந்தேன். இப்போது டெல்டாவில் ஓர் ஆயர் இல்லத்தில் (கத்தோலிக்க பிஷப்பின் அலுவலகம்) அலுவலக உதவியாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் பங்குச் சாமியார்தான், அதாவது எங்கள் ஊர்க் கோயில் ஃபாதர்தான், பெயர் கொடுத்தார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "மாதா கோயில் சம்பளம், வீண் போகாது" என்கிறார். அண்ணனோ "காலம் முழுக்க ஸ்டாம்ப் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறாய்" என்று கேலி செய்கிறான்.

நேர்காணலில் ஒன்று நடந்தது, அது இன்னும் மண்டையைக் குடைகிறது. ஒரு பழைய திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ரெஜிஸ்டரைத் திறந்து வைத்து, "இந்த இரண்டு பக்கத்தில் இராயப்பன் என்று ஒருவர் இருக்கிறார், கண்டுபிடிம்மா" என்றார்கள். எழுத்தெல்லாம் லத்தீன். விரல் வைத்துப் பத்து நிமிடம் தேடினேன், அப்படி ஒரு பெயரே இல்லை. "இல்லை ஃபாதர்" என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள். இரண்டு நாளில் வேலை உறுதி என்று போன் வந்துவிட்டது! எதைச் சோதித்தார்கள் என்றே புரியவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், ஒரு நாள் எப்படி ஓடும் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

பழைய ரெஜிஸ்டர்:

பாப்பா, இராயப்பன் அந்தப் பக்கத்தில் கண்டிப்பாக இருந்திருப்பார். பேத்ருஸ் என்ற பெயரில். 'பேதுரு'வைத்தான் நம் ஊரில் இராயப்பர் என்கிறோம், ரெஜிஸ்டர் எழுதிய சாமியார் லத்தீனில் எழுதிவிட்டார். இதேபோல் சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், ஆசீர்வாதம் பெனெதிக்துஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். சாமிநாதன் என்று வந்து நின்றால் இந்துப் பெயர் என்று திருப்பி அனுப்பிவிடாதே, தொமினிக்குஸ் என்று தேடு. ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள். நான் அப்படித்தான் பத்தொன்பது வருடம் ஓட்டினேன். உனக்கு வேலை ஏன் கிடைத்தது என்றால், தெரியாததை இல்லை என்று சொன்னாயே, அதற்காக இருக்கும். எனக்கு முன் வந்த ஒரு பையன் ஏதோ ஒரு வரியைக் காட்டி "இவர்தான்" என்று அடித்துவிட்டானாம்.

வேலையில் பாதி இந்தத் தேடல்தான். ரெஜிஸ்டர் பங்கில்தான் இருக்கும், அதிலிருந்து பதிவைப் பார்த்து எழுதி எக்ஸ்ட்ராக்ட் கொடுப்பதும் பங்குத்தந்தைதான். ஆனால் வெளிநாட்டுக்குப் போகிற தாள் என்றால் வேந்தர் (ஆயர் இல்ல ஆவணங்களுக்குப் பொறுப்பான சாமியார்) கையெழுத்தும் ஆயர் இல்ல முத்திரையும் வேண்டும், ஆகவே எல்லாரும் கடைசியில் உன் மேசைக்குத்தான் வருவார்கள். பெயர் ரேஷன் கார்டில் ஒன்று, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒன்று, ரெஜிஸ்டரில் ஒன்று. "இதைத் திருத்திக் கொடுங்கள்" என்பார்கள். திருத்தக்கூடாது. ஒயிட்னர் அந்த அறைக்குள்ளேயே நுழையக்கூடாது. வேந்தர் எழுத்தில் உத்தரவு கொடுத்தால் பங்கில் ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள், பழைய எழுத்து அப்படியே இருக்கும்.

அடுத்தது கல்யாணம். இங்கேதான் நம் ஊர் வழக்கமும் திருச்சபைச் சட்டமும் முட்டிக்கொள்ளும். மாமன் மகள், அத்தை மகள் நமக்கு முறைப்பெண், பிறந்தபோதே பேசி வைத்திருப்பார்கள். திருச்சபைச் சட்டத்தில் அது நான்காம் படி இரத்த உறவு, திருமணத் தடை. ஆயர் விலக்கு கொடுத்தால்தான் ஓலையே, அதாவது கோயிலில் கல்யாண அறிவிப்பே, வாசிக்க முடியும். அக்காள் மகள் என்றால் மூன்றாம் படி, இன்னும் யோசிப்பார்கள். மனுவோடு குடும்ப மரம் வரைந்து வரவேண்டும். பங்கிலிருந்து வருகிற படத்தில் பத்துக்கு நாலு தப்பாக இருக்கும், பெரியப்பா மகனை மாமா மகன் என்று போட்டிருப்பார்கள். நீ போன் போட்டு, "பாட்டி பேர் என்ன, அவங்க கூடப் பொறந்தவங்க யாரு" என்று கேட்டு வரைய வேண்டும். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். ஒரத்தநாட்டில் யார் யாருக்குச் சொந்தம் என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

இதில் அவசரக்காரர்கள் வேறு. மாப்பிள்ளை குவைத்திலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்திருப்பார், மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க நேரம் இருக்காது, ஓலைக்கு விலக்கு கேட்டு வாசலில் நிற்பார்கள். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் இந்து என்றால் அதற்குத் தனி விலக்கு. எல்லாம் முடிந்து கோயிலில் தாலி கட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். 2009-ஆம் வருடத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் அரசுப் பதிவாளரிடமும் பதிய வேண்டும், அதை நீதான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.

மற்றபடி காலத்துக்கு ஏற்ற வேலை. தவக்காலத்தில் தைலத் திருப்பலி (ஆயர் எண்ணெய்களை மந்திரிக்கும் பூசை) வரும், அதற்கு முன் மூன்று வகை எண்ணெய்க்கும் பாட்டில் கழுவி, பங்கு பங்காகச் சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும், நோயாளிகள் எண்ணெயும் கிறிஸ்மா என்கிற தைலமும் மாறிப்போனால் அவ்வளவுதான். மே, ஜூன் வந்தால் சாமியார்கள் இடமாற்றப் பட்டியல். அதை டைப் அடிப்பது நீயாகத்தான் இருப்பாய். ஊர் முழுக்க உன்னிடம் சாடையாகக் கேட்கும், பால்காரர் உட்பட. வாயைத் திறக்காதே.

கணக்குப்பிள்ளை பேரன்:

மேலே சொன்னவர் காகிதப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். பி.காம். என்றதால் உங்களைக் கணக்குப் பக்கம்தான் இழுப்பார்கள் என்று நினைக்கிறேன், பணத்தையும் சொத்தையும் பார்க்கும் பரிபாலகர் அலுவலகத்துக்கு.

அங்கே முதலில் தலை சுற்ற வைப்பது பூசைப் பணம், அதாவது பூசை வைக்கச் சொல்லி மக்கள் கொடுக்கும் காணிக்கை. ஒரு சாமியார் ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைத்தாலும் ஒரு பூசையின் காணிக்கையைத்தான் தனக்கு வைத்துக்கொள்ளலாம், மீதி ஆயர் சொல்கிற காரியத்துக்கு வந்துசேர வேண்டும். கிறிஸ்துமஸ் மட்டும் விதிவிலக்கு. மாதாமாதம் பங்குகளிலிருந்து இந்தக் கணக்கு வரும், ஆடிட்டரிடம் பார்த்த எந்தத் தலைப்பிலும் இது அடங்காது. பெரிய திருத்தலங்களில் ஒரு வருடத்துக்குள் நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கருத்துகள் (இன்னாருக்காகப் பூசை வையுங்கள் என்ற வேண்டுதல்கள்) குவிந்தால் வேறு சாமியார்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள், அதற்கு எண்ணிக்கை பிசகாமல் நோட்டு இருக்க வேண்டும். யாரோ ஒரு பாட்டி செத்துப்போன கணவருக்காகக் கொடுத்த பணம் அது.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-ல் திருத்திய பிறகு வேலை இரண்டு மடங்கு. வெளிப் பணம் எதுவாக இருந்தாலும் முதலில் ஸ்டேட் பேங்கின் புதுதில்லி மெயின் பிராஞ்சில் இறங்கித்தான் இங்கே வரும். நிர்வாகச் செலவு முன்பு 50 சதவீதம் வரை போகலாம், இப்போது 20தான். வருட ரிட்டர்னை டிசம்பர் 31-க்குள் போட வேண்டும், அதனால் கிறிஸ்துமஸ் குடில் எல்லாம் மற்றவர்கள் கட்டட்டும், நீங்கள் வவுச்சரோடு இருப்பீர்கள்.

அப்புறம் நிலம். கிளைக்கிராமத்துக் கோயிலுக்கு யாரோ எழுதிவைத்த அரை மா நஞ்சை, அதன் பட்டா ஏதோ ஒரு காலத்து ஆயர் பெயரிலேயே நிற்கும், குத்தகைக்காரர் "இந்த வருஷம் சம்பா தண்ணியில போச்சு சார்" என்று வந்து நிற்பார். மேட்டூர் எப்போது திறந்தது என்பதுகூட உங்கள் கணக்கைப் பாதிக்கும்.

வேதாரண்யம் கரை:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. வெளியே நின்று பார்த்தவன் நான், என் பங்குக்கும் சொல்கிறேன். மனைவியை இழந்த என் சித்தப்பா இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தார். ஊர் பேசிய பேச்சு தனி, அதை விடுங்கள். அவருடைய திருமுழுக்கு எக்ஸ்ட்ராக்ட் கேட்டார்கள். அவர் ஞானஸ்நானம் 1964-ல் எடுத்தது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கோயில் ஓடு பறந்து அந்த ரெஜிஸ்டர் ஊறிப் பிசினாகிவிட்டது. பங்கில் "ஆயர் இல்லத்தில் கேளுங்கள்" என்றார்கள். ஆயர் இல்லத்தில் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பங்கில் கேளுங்கள்" என்றார். மூன்று தடவை பஸ் ஏறினோம். அந்த மேசையில் உட்காரப் போகிறீர்கள் என்றால், தங்கச்சி, முதலில் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பழைய ரெஜிஸ்டர்:

தம்பி சொல்வது நியாயம். அந்த மனிதர் எழுந்து ஒரு பீரோவைத் திறந்திருந்தால் போதும். 1918-லிருந்து 1983 வரை நடப்பிலிருந்த பழைய திருச்சபைச் சட்டப்படி, ஒவ்வொரு பங்குத்தந்தையும் வருடக் கடைசியில் ரெஜிஸ்டர்களின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாரும் ஒழுங்காக அனுப்பினார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் 1964 என்றால் தேடிப் பார்க்காமல் கைவிரிக்கவே கூடாது. இன்னும் பழையது என்றால் எந்த ஆயர் இல்லம் என்பதே கேள்வி. தஞ்சை மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) 1952-ல்தான் வந்தது, அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பங்குகள் பல மயிலாப்பூரின் கீழ் இருந்தன. கும்பகோணம் மறைமாவட்டம் 1899-லேயே தனி. கலெக்டர் ஆபீஸ் எல்லையை வைத்து நினைத்தால் ஏமாந்துபோவாய் பாப்பா, பூண்டி மாதா கோயில் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் கும்பகோணம் மறைமாவட்டம். காரைக்கால் புதுவை-கடலூர் மறைமாவட்டம்.

நகலும் இல்லை என்றாலும் வழி உண்டு. அன்றைக்குக் கூட இருந்த, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சி போதும் என்று இப்போதைய சட்டமே சொல்கிறது. தம்பி, உங்கள் சித்தப்பாவின் ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ உயிரோடு இருக்கிறார்களா? இருந்தால் பங்குத்தந்தை முன்னால் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உன் மேசைக்கு வரும். பட்டியல் சாதி என்பது 1950-ஆம் வருட ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டும். ஞானஸ்நானம் எடுத்த குடும்பம் இங்கே பி.சி. ஆகிவிடும். பையன் படிப்புக்காக "எங்க பேரை அந்த நோட்டிலிருந்து எடுத்துடுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பார்கள். எடுக்க முடியாது. முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொள்ளவில்லை. டீ வாங்கிக் கொடுப்பேன்.

வேதாரண்யம் கரை:

ஞானத்தாய் இருக்கிறார், கோடியக்கரையில் மகள் வீட்டில். காது மட்டும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம். நன்றி ஐயா.

கணக்குப்பிள்ளை பேரன்:

ஒரத்தநாட்டுத் தங்கச்சிக்கு ஒரே ஒரு வார்த்தை. சம்பளம் ஆடிட்டரிடம் வாங்கியதைவிடப் பெரிதாக இருக்காது. சேவை, சேவை என்று பேசி நியமனக் கடிதத்தை மறந்துவிடுவார்கள். பி.எஃப். உண்டா, வேளாங்கண்ணித் திருவிழா நேரத்தில் கூடுதல் நாள் வந்தால் மாற்று விடுப்பு உண்டா என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கேட்காதவர்களைத்தான் மறந்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் பழைய சுற்றுமடல் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கும், யூனிகோடுக்கு மாற்றும் வேலை முதல் வாரமே உங்கள் தலையில் விழும், அதற்கும் தயாராகப் போங்கள்.

ஒரத்தநாட்டுப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. பேத்ருஸ் விஷயத்தை வீட்டில் சொன்னேன். எங்கள் பூட்டன் பெயர் ஞானப்பிரகாசம், அப்பா இத்தனை வருடமாக அவர் ஞானஸ்நானம் எடுத்த பதிவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அலோய்சியுஸ் என்று தேடச் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு பங்குக்குக் கிளம்பிவிட்டார், இன்னும் திரும்பவில்லை.

பி.எஃப். பற்றிப் போனில் கேட்டேன். எழுதித் தருகிறோம் என்றார்கள். கடிதம் கைக்கு வந்ததும் சேர்கிறேன்.