18 வயதில் வாக்குரிமை, 21 வயதில் துப்பாக்கி: அமெரிக்கச் சட்டங்கள் நியாயமானவையா?

கதிர்வேலன்:
உரிமம் பெற்ற வியாபாரிகள் 21 வயது நிறையாதவர்களுக்குக் கைத்துப்பாக்கி விற்பதைத் தடுக்கும் 1968ஆம் ஆண்டின் விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்காவின் ஐந்தாம் வட்டார (சில மாநிலங்களுக்கான) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பதினோராம் வட்டார நீதிமன்றமோ, அவ்வயதினர் எந்தத் துப்பாக்கியையும் வாங்குவதைத் தடுக்கும் புளோரிடா மாநிலச் சட்டம் செல்லும் என்று அதே ஆண்டு மார்ச்சில் கூறிவிட்டது. முதல் தீர்ப்பே சரி என்பது என் உறுதியான கருத்து. 18 வயதானவர் வாக்களிக்கிறார், படையில் சேர்கிறார், குற்றம் செய்தால் வயது வந்தவராகவே தண்டனை பெறுகிறார். பொறுப்புகளையெல்லாம் சுமத்திவிட்டு, அரசியலமைப்பின் இரண்டாவது சட்டத்திருத்தம் தரும் ஆயுதம் ஏந்தும் உரிமையை மட்டும் மூன்றாண்டுகள் தள்ளிப்போடுவது எப்படி நியாயமாகும்? குடிமக்களைக் கொண்டே படை திரட்டிய 1792ஆம் ஆண்டின் குடிப்படைச் சட்டம் 18 வயது இளைஞர்களையும் சொந்தத் துப்பாக்கியுடன் வரச் சொன்னதே!

பூங்குழலி:
அந்தக் காலத்தில் வயது வந்தவராகக் கருதப்பட 21 நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர் செய்த ஒப்பந்தம் பெரும்பாலும் அவரைக் கட்டுப்படுத்தாது என்பதால், கடைக்காரர் அவருக்குக் கடனில் பொருள் தரத் தயங்குவார். குடிப்படைக்குப் போன பையனுக்குத் துப்பாக்கி பெரும்பாலும் தந்தையிடமிருந்தே வந்தது. பதினோராம் வட்டாரத் தீர்ப்பு இந்த வரலாற்றின் மீதுதான் நிற்கிறது. துப்பாக்கி ஏந்தும் கடமை இருந்தது என்பதாலேயே, தானே போய் வாங்கும் உரிமையும் இருந்ததாகிவிடாது.

புளோரிடா இச்சட்டத்தை ஏன் இயற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேரைக் கொன்றவனுக்கு வயது 19. அவன் ரைபிளைச் சட்டப்படியே வாங்கியிருந்தான். 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்றவனோ, 18 வயது நிறைந்த சில நாட்களுக்குள்ளேயே துப்பாக்கிகளை வாங்கியவன். மூன்றாண்டு காத்திருப்பு இருந்திருந்தால் அந்த ரைபிள்கள் கடை வழியாக அவர்கள் கைக்கு வந்திருக்காது.

கதிர்வேலன்:
அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் இரண்டு கொலைகாரர்களின் குற்றத்துக்காக, எந்தத் தவறும் செய்யாத கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் உரிமையைப் பறிப்பதை ஏற்க முடியாது. இரவுப் பணி முடித்துத் தனியே வீடு திரும்பும் 19 வயதுப் பெண்ணை முன்னாள் காதலன் மிரட்டுகிறான் என்றால், காவல்துறை வந்து சேரும்வரை அவளுக்கு என்ன பாதுகாப்பு?

மாறன்:
இருவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கூட்டாட்சிச் சட்டத்தின்படி, கடைக்கு வரும் 19 வயதுக்காரர் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 எண் படிவத்தை நிரப்பி, எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை முடிந்தால் ரைபிளை எடுத்துச் செல்லலாம். பக்கத்து அலமாரியில் இருக்கும் கைத்துப்பாக்கியை மட்டும் வாங்க முடியாது. ஆனால் மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில், உரிமம் இல்லாத தனிநபரிடம் பணத்தைக் கொடுத்து அதே கைத்துப்பாக்கியை எந்தச் சோதனையும் இல்லாமல் அவர் வாங்கிவிடலாம். சோதனை நடக்கும் வழியை அடைத்துவிட்டு, நடக்காத வழியைத் திறந்து வைத்திருக்கிறது இந்தச் சட்டம்.

பூங்குழலி:
அப்படியானால் இரண்டாவது வழியையும் அடைக்க வேண்டும் என்பதே என் பதில். இன்னொன்றையும் சேர்க்கிறேன். இளம் வயதில் தற்கொலை எண்ணம் பல நேரங்களில் திடீரென எழுந்து அடங்கிவிடுவது. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அடங்குவதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. கதிர்வேலன் சொன்ன பெண்ணின் அச்சம் உண்மையானதுதான். ஆனால் இந்தச் சட்டம் மிரட்டப்படுபவளை மட்டும் தடுக்கவில்லை. மிரட்டுபவனும் அதே வயதினனாக இருந்தால் அவனையும் தடுக்கிறது.

கதிர்வேலன்:
சோதனையை நான் எதிர்க்கவில்லை. யுவால்டிக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த கூட்டாட்சிச் சட்டம், 21 வயதுக்குட்பட்டோர் கடையில் துப்பாக்கி வாங்கும்போது அவர்களின் சிறார் பருவக் குற்ற, மனநல ஆவணங்களையும் பார்க்கச் சொல்கிறது. ஐயம் எழுந்தால் விற்பனையை 10 வேலைநாட்கள் வரை நிறுத்தி வைக்கலாம். அவரவர் நடத்தையைப் பார்த்து முடிவெடுக்கும் அந்த முறையை ஆதரிக்கிறேன், மாறன் சுட்டிக்காட்டிய தனியார் விற்பனைக்கும் அதை நீட்டிக்கலாம். வயதை மட்டுமே காரணமாக்கும் தடையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பூங்குழலி:
சிறார் பருவத்தில் எந்தப் பதிவும் இல்லாதவன் அந்தச் சோதனையில் எளிதில் தேறிவிடுவான். அவன் விஷயத்தில் எந்த நடத்தையைப் பார்த்து முடிவெடுப்பீர்கள்?