பழைய மேசை வாள்: மோட்டரைத் திருத்துவதா, புதிது போடுவதா?

கல்லடித் தச்சன்:
அப்பா காலத்து மேசை வாள். வார்ப்பிரும்பு மேசை, 12 அங்குல வட்டவாள், 2 குதிரைவலு சிங்கிள் பேஸ் மோட்டர், பெல்டில் ஓடுவது. 2004 சுனாமியில் உப்புத் தண்ணீருக்குள் கிடந்ததைக் கழுவி, மோட்டரின் கொயிலை (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) புதிதாகக் கட்டித்தான் இத்தனை வருடம் ஓட்டினோம். முந்தநாள் வரை முதிரைப் பலகை அறுத்தது. நேற்றுக் காலை சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. திரும்பக் கட்டவா, புதிது வாங்கவா?

ஏறாவூர் மரக்காலை:
தம்பி, புதிது வாங்குங்கள். ஒருமுறை கட்டிய மோட்டரை இரண்டாம் தடவை கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய கொயிலை எடுக்க நெருப்பு வைப்பார்கள். சூடு கூடினால் உள்ளிருக்கும் தகடுகளுக்கு இடையிலான பூச்சு போய்விடும். என்னுடையது அப்படித்தான் ஆனது. சும்மா ஓடும்போதே மேலே கை வைக்க முடியாத சூடு. எட்டு மாதத்தில் எரிந்தது. கதவு, நிலை எல்லாம் பிந்தி, கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

களுவாஞ்சிகுடி வைண்டிங்:
உறுமினால் எரிந்துவிட்டது என்று யார் சொன்னது? சிங்கிள் பேஸ் மோட்டர் தானாகக் கிளம்பாது. கிளப்பிவிடத் தனிக் கொயில் இருக்கிறது, அதோடு கப்பாசிட்டர் (மின்தேக்கி). முக்கால்வாசி வேகம் வந்ததும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் அதை வெட்டிவிடும். பெல்டைக் கழற்றிவிட்டு, தண்டில் கயிறு சுற்றி இழுத்துவிடுங்கள். கயிறு முழுதாக வெளியே வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். ஓடினால் பிரதான கொயில் பெரும்பாலும் நல்லது. கப்பாசிட்டரையும் அந்த சுவிட்சின் பொயின்ட்டையும் (தொட்டுப் பிரியும் முனைகள்) பாருங்கள். கப்பாசிட்டரில் மின் தேங்கி நிற்கும், இறக்காமல் தொட வேண்டாம்.

ஏறாவூர் மரக்காலை:
சரி அண்ணன், இன்றைக்குத் திருத்தலாம். அந்தக் காலத்து மோட்டருக்குப் பக்கமெல்லாம் துவாரம். அதன் விசிறியே மரத்தூளை உள்ளே இழுக்கிறது. இப்போது முழுக்க மூடி, வெளியே விசிறி வைத்த மோட்டர் கிடைக்கிறது. மரவேலைக்கு அதுதான் பொருத்தம்.

களுவாஞ்சிகுடி வைண்டிங்:
அதை மறுக்கவில்லை. ஆனால் கடையில் "2 குதிரைவலு தாங்க" என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஆபத்து. பழையது நிமிடத்துக்கு 1440 சுற்றாக இருந்து, மோட்டரின் 5 அங்குலப் புலியிலிருந்து (பெல்ட் ஓடும் சக்கரம்) வாளின் இரண்டரை அங்குலப் புலிக்கு ஓடினால் வாள் 2880 சுற்றும். அதே புலியோடு 2880 மோட்டரைப் பூட்டினால் வாள் 5760! வாளில் அடித்திருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டினால் பல் தெறிக்கும். தண்டின் விட்டம், அடியிலிருந்து தண்டு மையம் வரை உயரம், இரண்டையும் அளக்காமல் போகாதீர்கள். இன்னொன்று, பின்னேரம் வோல்டேஜ் 230இலிருந்து 190க்கு விழுந்தால் எந்த மோட்டருக்கும் முறுக்குவலு (தண்டைச் சுற்றும் பலம்) மூன்றில் இரண்டாகிவிடும். புதிதும் அங்கே திணறும்.

கல்லடித் தச்சன்:
கயிறு சுற்றி இழுத்தேன், ஓடியது! பின் மூடியைக் கழற்றினால் பொயின்ட் இரண்டுக்கும் நடுவில் தூளும் பிசினும் சேர்ந்து அவல் மாதிரி கெட்டியாக அடைத்திருந்தது. துடைத்து, நைசான உப்புத்தாளால் தேய்த்தேன். இப்போது ஒரே தடவையில் கிளம்புகிறது. பெயாரிங் மட்டும் கரகரக்கிறது. தண்டு 24 மில்லிமீற்றர், மையம் 90 உயரம், தகட்டில் 1440 என்று இருக்கிறது.

ஏறாவூர் மரக்காலை:
சந்தோஷம் தம்பி. அந்த அளவுகளை மேசையிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை நின்றால் மூடிய 1440தான், அதில் நான் மாறமாட்டேன். இப்போதே ஒன்று செய்யுங்கள்: கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத சுவிட்ச் போடுங்கள். எங்கள் மரக்காலையில் கரண்ட் போன நேரம் பையன் வாளுக்குப் பக்கத்தில் தூள் வழித்துக்கொண்டு நின்றான், கரண்ட் திரும்பி வந்தது. விரல் தப்பியது அல்லாஹ்வின் கிருபை.

களுவாஞ்சிகுடி வைண்டிங்:
அதை முதலில் போடுங்கள் தம்பி. பெயாரிங் அதற்குப் பிறகு.