முதல் டெடிகேட்டட் சர்வர்: எஸ்எஸ்எல் சர்டிபிகேட் ஏற மாட்டேங்குது, உதவி (அவசரம்)

வலைக்கடை
புது டெடிகேட்டட் சர்வர் (நமக்கு மட்டுமான தனி சர்வர்) எடுத்தாச்சு. என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி, மரியாடிபி (டேட்டாபேஸ்) எல்லாம் போட்டாச்சு. ஷேர்டு ஹோஸ்டிங்ல இருந்த வேர்ட்பிரஸ்ஸையும் இங்க கொண்டு வந்தாச்சு. டொமைனைப் புது ஐபிக்குத் திருப்பிட்டேன், பிரவுசர்ல தளம் நல்லாத் திறக்குது. ஆனா எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிபிகேட் மட்டும் வரவே மாட்டேங்குது. அதை வாங்கித் தர்ற செர்ட்பாட்டை எப்ப ஓட்டினாலும் ஃபெயில். இன்னிக்கு ராத்திரி கடை ஓபன் ஆகணும். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

நெல்லை_நெட்
எந்த ஓஎஸ், எந்த வெர்ஷன்? செர்ட்பாட் ஆப்ட்ல போட்டதா, ஸ்னாப்ல போட்டதா? எரர் வரியை அப்படியே ஒட்டுங்க. "ஃபெயில்"னு மட்டும் சொன்னா இங்க யாருக்கும் ஒண்ணும் புரியாது.

ரூட்டன்
இது ஃபயர்வால்தான் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். யூஎஃப்டபிள்யூல (லினக்ஸ் ஃபயர்வால் கருவி) 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) போர்ட் ரெண்டையும் திறந்து விடுங்க. ஆனா எனேபிள் பண்றதுக்கு முன்னாடி ஓப்பன்எஸ்எஸ்எச்சை (தொலைவுல இருந்து சர்வருக்குள்ள நுழையற வழி) அலவ் பண்ணிடுங்க. அதை மறந்தா உங்க சர்வருக்குள்ள நீங்களே போக முடியாது. அப்புறம் கேவிஎம் கன்சோல் (சர்வர் திரையை நேரா காட்டற வழி) கேட்டு டிக்கெட் போட்டுக் காத்திருக்கணும்.

பழைய_யூனிக்ஸ்
பிரவுசர்ல தளம் திறக்குதுன்னு அவரே எழுதியிருக்கார். 80 மூடியிருந்தா எப்படித் திறக்கும்? கேள்வியைப் படிச்சிட்டுப் பதில் போடற வழக்கம் இங்க இருந்த காலம் ஒண்ணு உண்டு.

வலைக்கடை, முதல்ல செர்ட்பாட்டைச் சும்மா சும்மா ஓட்டறதை நிறுத்துங்க. டொமைன் உங்களுதுதானான்னு பார்க்கற சரிபார்ப்பு ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்துல 5 தடவை தோத்தா லெட்ஸ் என்கிரிப்ட் கதவைச் சாத்திடும். அப்புறம் கோளாறைச் சரி பண்ணினாலும் உடனே கிடைக்காது. இனி சோதனைக்கு --டிரை-ரன் சேர்த்து ஓட்டுங்க, அது ஸ்டேஜிங் (சோதனை) சர்வருக்குப் போகும், இந்தக் கணக்குல சேராது. கையேட்டுலேயே இருக்கு. யாரும் படிக்கறதில்லை.

ரூட்டன்
சார், உங்களுக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கும்னு அர்த்தம் இல்லை. 2020லிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் ஒரே இடத்துல இருந்து சோதிக்கறதில்லை, உலகத்துல பல இடத்துல இருந்து வந்து பார்க்கும். டேட்டா சென்டர் ஃபயர்வால்ல வெளிநாட்டு ஐபியைத் தடுத்திருந்தா பிரவுசர்ல தளம் தெரியும், சர்டிபிகேட் வராது. நான் சொன்னது அதுக்குத்தான்.

வலைக்கடை
உபுண்டு 24.04. ஆப்ட். யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் இன்ஆக்டிவ்னு காட்டுது. எரர்: இன்வாலிட் ரெஸ்பான்ஸ், கடைசில 404 (பக்கம் இல்லை). போல்டருக்கு 777 (யார் வேணும்னாலும் எழுதலாம்ங்கற அனுமதி) குடுத்தும் பார்த்தாச்சு. என் செல்லுல மட்டும் இன்னும் பழைய தளமே வருது, அது கேஷ்னு நினைக்கிறேன், அது வேற விஷயம்.

மதுரை_தேவி
அது வேற விஷயம் இல்லைங்க, அதுதான் விஷயமே.

404 வருதுன்னா ஏதோ ஒரு வெப் சர்வர் பதில் சொல்லுது. அதனால ஃபயர்வால் இல்லை. அது உங்க சர்வர்தானான்னு பார்க்கணும். என்ஜின்எக்ஸ் ஆக்சஸ் லாக்ல அந்த நேரத்துக்கு ஆக்மி-சேலஞ்ச்னு (அதான் சரிபார்ப்புக் கோரிக்கை) ஒரு வரியாவது இருக்கா? இல்லைன்னா கோரிக்கை உங்ககிட்ட வரவே இல்லை.

அடுத்து, எரர்ல 'டீட்டெயில்'னு தொடங்கற வரியோட ஆரம்பத்துலேயே ஒரு ஐபி முகவரி இருக்கும். அதுல நடுநடுவுல புள்ளி இருக்கா, முக்காற்புள்ளி இருக்கா? முக்காற்புள்ளின்னா அது ஐபிவி6 (புது வகை முகவரி), புள்ளின்னா பழைய ஐபிவி4. நீங்க டொமைனோட ஏ ரெக்கார்டை (ஐபிவி4 முகவரி) மட்டும் மாத்தியிருப்பீங்க, ஏஏஏஏ ரெக்கார்டு (ஐபிவி6 முகவரி) பழைய ஹோஸ்டிங்கையே காட்டிட்டு இருக்கும். ரெண்டும் இருந்தா லெட்ஸ் என்கிரிப்ட் முதல்ல ஐபிவி6 வழியாத்தான் போகும். அங்க டைம்அவுட் ஆனாத்தான் ஐபிவி4க்கு வரும். உங்க பழைய சர்வரோ உயிரோட இருந்து 404 சொல்லுது, அதனால அங்கேயே முடிஞ்சு போச்சு.

செல்லுலயும் இதே கதைதான். ஜியோ மாதிரி மொபைல் நெட்வொர்க்ல ஐபிவி6 இருக்கும். உங்க வீட்டு லைன்ல இருக்காது போல. 'டிக் ஏஏஏஏ' (அந்த ரெக்கார்டைக் காட்டற கட்டளை) போட்டு டொமைன் பெயரைக் குடுங்க, www இல்லாம ஒரு தடவை, www-ஓட ஒரு தடவை. என்ன வருதுன்னு எழுதுங்க. 777ஐ உடனே எடுத்துடுங்க. போல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும்.

பேனல்_பாண்டி
முதல் சர்வருக்கு எதுக்கு இந்தக் கருப்புத் திரை வேலையெல்லாம்? சென்ட்ஓஎஸ் 7 போட்டு மேல ஒரு பேனல் (பிரவுசர்லயே சர்வரை நிர்வகிக்கற மென்பொருள்) போட்டா எஸ்எஸ்எல் ஒரே கிளிக்.

பழைய_யூனிக்ஸ்
சென்ட்ஓஎஸ் 7 ஆயுள் 2024 ஜூன் 30ஓட முடிஞ்சது. பாதுகாப்பு அப்டேட் வராத ஓஎஸ்ல பணம் வாங்கற கடையை வைக்கச் சொல்றீங்க. நல்ல யோசனை.

பேனல்_பாண்டி
சரி, அல்மாலினக்ஸ் போடட்டும். பேனல் வேணும்கறதுதான் என் வாதம். மெயில், பேக்கப், டிஎன்எஸ் எல்லாம் ஒரே இடத்துல.

நெல்லை_நெட்
சிபேனல் 2019லிருந்து கணக்கு எண்ணிக்கைக்குத் தக்க காசு வாங்குது. ஒரே ஒரு தளத்துக்கு மாசா மாசம் அது எதுக்கு? பல கஸ்டமருக்கு இடம் பிரிச்சுக் குடுக்கறவங்களுக்குப் பேனல் சரி.

பேனல்_பாண்டி
இலவசப் பேனலும் இருக்கே. டெர்மினல் தெரிஞ்சவங்க எல்லாரும் மத்தவங்களும் கஷ்டப்படணும்னு நினைக்கறாங்க, அதான் பிரச்சினை.

மதுரை_தேவி
பேனல் இருந்தாலும் இந்தத் தப்பு இப்படியேதான் இருந்திருக்கும் பாண்டி அண்ணா. ரெக்கார்டு இருக்கறது டொமைன் வாங்கின இடத்துல, சர்வர்ல இல்லை. பேனல் சண்டைக்குத் தனி இழை போட்டுக்குங்க.

வலைக்கடை
முக்காற்புள்ளிதான். www-க்கும் அதே. ரெண்டு ஏஏஏஏ ரெக்கார்டையும் அழிச்சிடவா?

மதுரை_தேவி
இப்போதைக்கு அழிச்சிடுங்க. டிடிஎல் (பழைய ரெக்கார்டை நினைவுல வச்சிருக்கற நேரம், நொடியில) 14400ன்னு இருந்தா சிலருக்கு 4 மணி நேரம் வரைக்கும் பழைய தளமே தெரியும், பதற வேண்டாம். அப்புறம் --டிரை-ரன், அது பாஸ் ஆனா நிஜமான ஓட்டம்.

பின்னாடி புது சர்வரோட ஐபிவி6 முகவரியைச் சேர்க்கும்போது ஒண்ணு கவனிங்க. உங்க சர்வர் பிளாக்ல (என்ஜின்எக்ஸ் அமைப்புல உங்க தளத்துக்கான பகுதி) வெறும் 'லிசன் 80' மட்டும் இருந்தா அது ஐபிவி4 மட்டும்தான் கேட்கும். ஐபிவி6ல வர்றவங்க உபுண்டு கூடவே வர்ற டிஃபால்ட் பிளாக்குக்குப் போய் 'வெல்கம் டு என்ஜின்எக்ஸ்' பக்கத்தைப் பார்ப்பாங்க. 'லிசன் [::]:80', 'லிசன் [::]:443 எஸ்எஸ்எல்' ரெண்டு வரியும் வேணும். மாத்தின பிறகு 'என்ஜின்எக்ஸ் -டி' ஓட்டிப் பிழை இல்லைன்னு பார்த்துட்டு ரீலோடு பண்ணுங்க.

வலைக்கடை
வந்துருச்சு! நன்றி தேவி மேடம். ஆனா சில பக்கத்துல ஃபான்ட்டும் ஸ்லைடரும் வரலை?

மதுரை_தேவி
மிக்ஸ்ட் கன்டென்ட், அதாவது எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள்ள எச்டிடிபி முகவரில இருந்து வர்ற கோப்பு. டேட்டாபேஸ்ல பழைய எச்டிடிபி முகவரிகள் அப்படியே கிடக்கு. செட்டிங்ஸ் ஜெனரல்ல ரெண்டு முகவரியையும் எச்டிடிபிஎஸ் ஆக்குங்க. டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து வச்சிட்டு டபிள்யூபி-சிஎல்ஐயில (வேர்ட்பிரஸ்ஸுக்கான கட்டளைக் கருவி) 'சர்ச்-ரீபிளேஸ்' ஓட்டுங்க, முதல் தடவை --டிரை-ரன்னோட, --ஸ்கிப்-காலம்ஸ்=ஜியுஐடி சேர்த்து. எஸ்கியூஎல்ல நேரா ரீபிளேஸ் பண்ணிடாதீங்க. தீமும் பிளக்கினும் சேமிக்கற சீரியலைஸ் பண்ணின தரவுல எழுத்து எண்ணிக்கையும் கூடவே இருக்கும். 's' ஒண்ணு கூடினாக்கூட கணக்கு தப்பி அந்த செட்டிங் மொத்தமும் போயிடும்.

நெல்லை_நெட்
இன்னொண்ணு. எச்டிடிபிஎஸ் வந்தாச்சேன்னு 80ஐ மூடிடாதீங்க, புதுப்பிக்கறதும் அது வழியாத்தான். சர்டிபிகேட் 90 நாள். செர்ட்பாட் டைமர் தானா ஓடும், 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்'ல இருக்கான்னு பாருங்க. காலாவதி ஆகப்போகுதுன்னு முன்னெல்லாம் லெட்ஸ் என்கிரிப்ட் மெயில் அனுப்பும், 2025 ஜூனோட அதை நிறுத்திட்டாங்க. நீங்களேதான் கண்காணிக்கணும்.

ரூட்டன்
எல்லாம் சரி, யூஎஃப்டபிள்யூ இன்னும் இன்ஆக்டிவ்லதான் இருக்கு. அதை யாருமே கேட்கலை. மரியாடிபியோட 3306 போர்ட் ஊருக்கே திறந்து கிடக்கும்.

பழைய_யூனிக்ஸ்
கிடக்காது. உபுண்டுல மரியாடிபி 127.0.0.1ல (அதே சர்வருக்குள்ள) மட்டும்தான் கேட்கும், அவர் கைவெச்சு மாத்தியிருந்தா ஒழிய. 'எஸ்எஸ் -டிஎல்என்பி' ஓட்டினா எது எந்த முகவரில கேட்குதுன்னு வரிசையா வரும். ஆனா யூஎஃப்டபிள்யூவை ஆன் பண்ணணும்கறது சரிதான், அதை ஒத்துக்கறேன்.

ரூட்டன்
ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன் சார்.