சிங்கம் ஹைன்ரிச்சும் பார்பரோசாவும் என்ன உறவு?

கேள்வி:
ஜெர்மானியப் பகுதிகளான சாக்சனிக்கும் பவேரியாவுக்கும் ஒருசேர டியூக்காக (பேரரசருக்குக் கீழ்ப்பட்ட ஆட்சியாளராக) இருந்த ஹைன்ரிச்சை ('சிங்கம்' என்பது பட்டப்பெயர்) 1180இல் பதவியிறக்கியவர் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா. இருவரும் 'கசின்' என்று மட்டுமே படித்தேன். எந்த வழி உறவு? பிறகு ஏன் பகை? குடும்பம் என்னவாயிற்று?

மறுமொழி 1:
தமிழில் சொன்னால் குழப்பமே இல்லை. பார்பரோசாவின் தாய் யூடித், ஹைன்ரிச்சின் தந்தையுடன் பிறந்தவர். ஆகவே பேரரசர் இவருக்கு அத்தை மகன். தந்தை பறிகொடுத்த பவேரியாவை 1156இல் இவரிடம் திருப்பிக் கொடுத்தவரும் அவரே. அப்போதுதான் ஆஸ்திரியா தனி டியூக் ஆட்சியாகப் பிரிந்தது. 1176இல் வட இத்தாலியின் லொம்பார்டி நகரங்களை எதிர்க்கப் படை கேட்ட பேரரசரிடம், கோஸ்லார் வெள்ளிச் சுரங்கத்தை விலையாகக் கேட்டு, கிடைக்காததால் ஹைன்ரிச் மறுத்தார் என்பர். அவ்வாண்டே லெஞ்ஞானோவில் பேரரசர் தோற்றார்.

மறுமொழி 2:
படை மறுத்தது மட்டுமே காரணம் என்று நான் எண்ணவில்லை. சாக்சனியின் பிரபுக்களும் பிஷப்புகளும் இவர்மீது அடுக்கடுக்காகப் புகார் கூறியிருந்தனர். விசாரணைக்கு அழைத்தபோதெல்லாம் வராமல் இருந்ததே இவருக்கு எதிரான வழக்காக முற்றியது. கெல்ன்ஹவுசன் நகரில் கூடிய அவையில் சாக்சனி துண்டாடப்பட்டது. பவேரியா விட்டெல்ஸ்பாக் குடும்பத்திடம் சென்று, 1918 வரை அவர்களிடமே இருந்தது.

மறுமொழி 3:
குடும்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன். முதல் மனைவி கிளெமென்சியாவுடனான மணம் 1162இல் முறிக்கப்பட்டது. 1168இல் மிண்டன் தேவாலயத்தில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகள் மட்டில்டாவை மணந்தபோது மணமகளுக்கு ஏறத்தாழ 12 வயது. மாப்பிள்ளையோ நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்தார். நாடு கடத்தப்பட்ட 1182இல் அடைக்கலம் தந்தது அந்த மாமனார் வீடுதான். மகன் ஓட்டோ 1209இல் பேரரசராக முடிசூடினார். ஆனால் குலம் தழைத்தது, 1184இல் வின்செஸ்டரில் பிறந்த கடைக்குட்டி வில்லியம் வழியாக. 1714இல் பிரிட்டன் அரியணை ஏறிய முதலாம் ஜார்ஜ் அந்த வழிவந்தவர்.

இயன்றால் வொல்ஃபன்பியூட்டல் நூலகத்திலுள்ள ஹைன்ரிச்சின் நற்செய்தி ஏட்டின் நகல்களைத் தேடிப் பாருங்கள். 1983இல் லண்டன் ஏலத்தில் எண்பது லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோன ஏடு அது. ஓர் ஓவியத்தில் வானிலிருந்து நீளும் கைகள் கணவன், மனைவி இருவர் தலையிலும் மகுடம் சூட்டுகின்றன. ஹைன்ரிச்சுக்குப் பின்னால் பெற்றோரும், தாய்வழித் தாத்தாவான பேரரசர் லோதாரும் நிற்க, மட்டில்டாவுக்குப் பின்னால் அவருடைய தந்தை ஹென்றி நிற்கிறார்.