மணலி யார்டு – மண்ணடி ஆபீஸ் ஐபி போன்: பிங் நல்லா இருக்கு, குரல் மட்டும் சாயங்காலம் உடையுது

மண்ணடி_சிஸ்டம்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். மண்ணடியில ஒரு சிஎச்ஏ (கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட்) ஆபீஸ்ல சிஸ்டம் பாத்துக்கிறேன். மணலியில எங்க கன்டெய்னர் யார்டு. ரெண்டுக்கும் நடுவுல ஐபிசெக் டனல், அதாவது இன்டர்நெட் மேல பூட்டுப் போட்ட தனி வழி. ஆபீஸ் லைன் 50 எம்பிபிஎஸ், யார்டுல ஆர்எஃப் (ரேடியோ) லிங்க், 4 எம்பிபிஎஸ். போன மாசம் யார்டுல 10 ஐபி போன் வெச்சோம். எக்ஸ்சேஞ்ச் ஆபீஸ்ல, ஆஸ்டெரிஸ்க்ங்கிற சாஃப்ட்வேர்.

ஒரே நேரத்துல 6 காலுக்கு மேல போறதில்ல. குரலை டேட்டாவா மாத்துற ஜி.711 கோடெக்குக்கு கால் ஒன்னுக்கு 64 கிலோபிட், 6க்கு 384. பத்துல ஒரு பங்குதானேன்னு தைரியமா முதலாளிகிட்ட ஓகே சொல்லிட்டேன். காலையில கண்ணாடி மாதிரி கேக்குது. 4 மணிக்கு மேல யார்டுக்காரங்க பேசுறது துண்டு துண்டா வருது. நாங்க பேசுறது அவங்களுக்கு கிளீனாம். பிங் (ஒரு பாக்கெட் போயிட்டு திரும்பி வர்ற நேரம்) சராசரி 14 மில்லிசெகண்ட். லைன் கொடுத்தவங்க "எங்க பக்கம் பிரச்சினை இல்ல, 10 எம்பிபிஎஸ்க்கு மாறுங்க"ன்னு கொட்டேஷன் அனுப்பிட்டாங்க. மாறணுமா?

தண்டையார்பேட்டை_ரூட்டர்:
தம்பி, அந்த கொட்டேஷன்ல முதலாளியை கையெழுத்து போட வெச்சிடாத. முதல்ல கணக்கு. 64 வெறும் குரல் மட்டும். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதுல 160 பைட் குரல், ஐபி-யுடிபி-ஆர்டிபி தலைப்பு 40 பைட். செகண்டுக்கு 50 பாக்கெட், ஆக 80 கிலோபிட். ஐபிசெக் மேல இன்னொரு சட்டை போடும், 100ஐ தாண்டும். அப்பவும் 6 காலுக்கு முக்கால் எம்பிபிஎஸ் ஆகாது. அகலம் பிரச்சினை இல்ல. வரிசைதான் பிரச்சினை.

ஒரு திசையில மட்டும் உடையுதுன்னு நீயே சொல்லிட்ட. யார்டுல இருந்து வெளிய போற பக்கம் எதாவது மொத்தமா ஏறுதா? கேமரா? ஸ்கேன்?

மண்ணடி_சிஸ்டம்ஸ்:
ஆமாண்ணே. 8 கேமரா ரெக்கார்டிங் ஆபீசுக்கு காப்பி ஆகுது. 4 மணிக்கு மேல கேட்-இன் பேப்பர் (கன்டெய்னர் உள்ள வந்த பதிவு) எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்துவாங்க. வெசல் கட்-ஆஃப் நாள்னா, அதாவது கப்பலுக்கு சரக்கு சேர்க்க கடைசி நாள்னா, கேக்கவே வேணாம். ஆனா பிங் நல்லாதானே இருக்கு?

தண்டையார்பேட்டை_ரூட்டர்:
எத்தனை மணிக்கு பிங் அடிச்ச? காலையில டீ குடிக்கும்போது அடிச்சிருப்ப.

துறைமுகம் ஜீரோ கேட் வாசல்ல இரும்பு ஏத்தின டிரெய்லர் வரிசை கட்டி நிக்கும்ல, அதுக்குப் பின்னாடி காசிமேடு மீன் வண்டி மாட்டிக்கிட்டா என்ன ஆகும்? இரும்பு ரெண்டு மணி நேரம் லேட்டானாலும் இரும்புதான். மீன் அப்படியா? ஸ்கேன் ஃபைல் இரும்பு, குரல் மீன். லேட்டா வந்த பாக்கெட்டை போன் தூக்கிப் போட்டுடும். யார்டு ரூட்டர்ல 250 கிலோபைட் வரிசை நின்னா 4 எம்பிபிஎஸ்ல அது வடியவே அரை செகண்ட். ஐடியுங்கிற உலகத் தொலைத்தொடர்பு அமைப்போட ஜி.114 பரிந்துரை சொல்றது, தாமதம் ஒரு திசைக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள. ஜிட்டர், அதாவது பாக்கெட் வந்து சேர்ற நேரம் முன்னப்பின்ன ஆடுறது, 30 மில்லிசெகண்டுக்குள்ள, பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு வெச்சுக்க.

சாயங்காலம் 5 மணிக்கு ஐபெர்ஃப்3ங்கிற லைன் சோதனை டூலை ஓட்டு. யுடிபி, பாக்கெட் அளவு 172 பைட், 6 காலுக்கு 413 கிலோபிட். ரெண்டு திசையும் தனித்தனியா. கட்-ஆஃப் நாளும் சேர்ந்து வர்ற மாதிரி ஒரு வாரம். இதெல்லாம் போன் வாங்குறதுக்கு முன்னாடியே பண்ண வேண்டியது, சரி விடு.

ராயபுரம்_விஓஐபி:
பாஸ், ஜி.711ஐ விட்டுட்டு ஜி.729 கோடெக்குக்கு மாத்துங்க, 8 கிலோபிட்தான்.

தண்டையார்பேட்டை_ரூட்டர்:
பாஸ், அதுல பாக்கெட்டுக்கு குரல் 20 பைட், தலைப்பு 40 பைட். ஐபியில 24 கிலோபிட் ஆகுது, டனல் போட்டா இன்னும் ஏறும். வண்டி சின்னதானாலும் அதே வரிசையிலதான் நிக்கணும்.

மண்ணடி_சிஸ்டம்ஸ்:
ஒரு வாரம் ஓட்டிட்டேன். காலை 11 மணி: ஜிட்டர் 3, இழப்பு 0. கட்-ஆஃப் நாள் 5 மணி, யார்டுல இருந்து ஆபீசுக்கு: ஜிட்டர் 70க்கு மேல, இழப்பு 4 சதவீதம். அதே நேரம் எதிர்த்திசை: ஜிட்டர் 5. ரெண்டையும் சேர்த்து சராசரி போட்டிருந்தா நான் இன்னும் ஏமாந்திருப்பேன்.

தண்டையார்பேட்டை_ரூட்டர்:
யார்டு ரூட்டர்ல வெளிய போறதை 3.6 எம்பிபிஎஸ்க்கு ஷேப் பண்ணு, அதுக்கு மேல விடாத. அப்பதான் வரிசை உன் ரூட்டர்ல நிக்கும். ரேடியோ பெட்டிக்குள்ள நின்னா நீ கை வைக்க முடியாது. போன்ல டிஎஸ்சிபி 46 (பாக்கெட் மேல போடுற அவசர மார்க்) போட்டு அதுக்கு முதல் வழி விடு, 1 எம்பிபிஎஸ் உச்சவரம்போட. மார்க்கை லைன் கம்பெனி மதிக்கும்னு எதிர்பாக்காத, உன் வாசலோட சரி. கேமரா காப்பியை ராத்திரிக்குத் தள்ளு. ஆபீஸ் பக்கமும் யார்டுக்குப் போறதை அதே 3.6ல நிறுத்து, இல்லன்னா நாளைக்கு யாராவது பெரிய ஃபைல் அனுப்பும்போது அந்தப் பக்கம் உடையும்.

மண்ணடி_சிஸ்டம்ஸ்:
நேத்து கட்-ஆஃப் நாள். 5 மணிக்கு ஜிட்டர் 6, இழப்பு 0! ஆனா வெயிட்பிரிட்ஜ் (லாரி எடை மேடை) போன் மட்டும் எந்நேரமும் கரகரங்குது. காலையிலயும்தான்.

காசிமேடு_கேபிள்:
எந்நேரமும்னா அது வரிசை இல்ல தம்பி, ஒயரு. சுவிட்ச்ல அந்த போர்ட்டு சிஆர்சி எரர் (ஒயர்ல கெட்டுப்போய் வந்த டேட்டா கணக்கு) ஏறுதா பாரு. உப்புக்காத்து நம்ம பக்கம் கனெக்டரை தின்னுடும். நான் வருசத்துக்கு ஒருவாட்டி மாத்திடுறேன்.

மண்ணடி_சிஸ்டம்ஸ்:
ஆயிரக்கணக்குல எரர் இருந்துச்சுண்ணே. கழட்டிப் பாத்தா பின் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. ரெண்டு முனையும் புதுசா கிரிம்ப் பண்ணேன், சத்தம் போச்சு. 10 எம்பிபிஎஸ் கொட்டேஷனை முதலாளி டேபிள்ல இருந்து எடுத்துட்டேன். அவரு இப்ப எண்ணூர் கோடவுனுக்கும் போன் கேக்குறாரு. ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன்.